ஃபோம் ஒட்டினால் சத்தம் நிற்காது

புதுச்சேரியில் இசைக்கும் ஓவியத்துக்கும் ஒரே கல்லூரிக் கட்டடம் என்ற பேச்சில், "பயிற்சி அறைச் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிவிட்டால் பக்கத்து அறைக்குச் சத்தம் போகாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. ஃபோம் என்கிற அந்த மெத்தென்ற நுரைப்பஞ்சு அறைக்குள் இருக்கும் எதிரொலியைத்தான் குறைக்கும். ஒலியை மறிப்பது சுவரின் கனமும் இடுக்கில்லாத அடைப்பும்தான். இரண்டு அங்குல ஃபோம் தவிலின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கத்தின் ஒலியை ஒன்றுமே செய்யாது. மேல்ஸ்தாயியை மட்டும் விழுங்கும். பாடுபவருக்குத் தன் குரலே கேட்காமல் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்.

இரண்டு பக்கமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் மறிக்கும். ஆனால் அதை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தாமல் மேல்தளம் வரை எழுப்ப வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். அடுத்தது கதவு. அடியில் 10 மி.மீ. இடுக்கு இருந்தால், எவ்வளவு கனமான கதவும் மறிப்பது 23 டெசிபலைத் தாண்டாது. சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் தானாக இறங்கும் சீல் இரண்டும் வேண்டும். சுவிட்ச் பெட்டிகளை ஒரே சுவரின் இருபுறமும் நேருக்கு நேர் பதிக்கவே கூடாது.

ஓவியக்கூடத்துக்கு "வடக்கு ஜன்னலில் வெயிலே வராது" என்று சொல்வதும் இந்த ஊருக்குப் பொருந்தாது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 12 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை உச்சிச் சூரியனே வடக்கே நிற்கும். உச்சி வெயிலுக்குச் சின்ன சன்ஷேடு போதும். காலை, மாலைச் சாய்வெயிலுக்கு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்துத் தடுப்புகள் கட்டாயம்.