டான்சில் அறுவையும் ஐஜிஏ சிறுநீரக நோயும்
டான்சிலை அகற்றிவிட்டால், ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் சிறுநீரகத்தில் படிவதால் வரும் ஐஜிஏ சிறுநீரக நோய் அடியோடு குணமாகும், மாத்திரைகள் தேவையில்லை என்று சொல்லப்படுவது ஆபத்தான அரை உண்மை. டான்சிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. தொண்டை அழற்சி வந்த ஓரிரு நாளிலேயே சிலருக்குச் சிறுநீர் சிவந்து போவது மருத்துவர்கள் நன்கறிந்த அறிகுறி. இந்நோயில், காலக்டோஸ் சர்க்கரை குறைந்த ஐஜிஏ1 (ஐஜிஏவின் ஒரு வகை) எதிர்ப்பொருள் உருவாகி, அதையே அந்நியமாகக் கருதி உடல் வேறு எதிர்ப்பொருளைச் சுரக்க, இரண்டும் பிணைந்த கூட்டுகள் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து அழற்சியைத் தூண்டுகின்றன. ஆனால் அந்தக் குறைபாடுள்ள ஐஜிஏ டான்சிலில் மட்டும் பிறப்பதில்லை. குடலின் நோய் எதிர்ப்புத் திசுக்களுக்கும் அதில் பங்குண்டு என்று கருதப்படுவதால்தான், சிறுகுடலின் கடைப்பகுதியில் கரையும் பியூடசனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தின் வடிவமே உருவாக்கப்பட்டது.

ஜப்பானில் இந்த அறுவை பரவலாகச் செய்யப்படுவது உண்மை. அங்கும் பெரும்பாலும் ஸ்டீராய்டு சிகிச்சையுடன் சேர்த்தே செய்கிறார்கள். 2014இல் வெளியான ஜப்பானிய ஒப்பீட்டு ஆய்வில், அறுவையும் ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்குச் சிறுநீரில் புரதக் கசிவு சற்றுக் கூடுதலாகக் குறைந்ததே தவிர, நோய் தணிந்தோர் விகிதத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வெளியிடும் கேடிகோ (KDIGO) அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இந்நோய்க்கான சிகிச்சையாக இந்த அறுவையைச் செய்யக் கூடாது என்றது. இரத்த அழுத்தத்தையும் புரதக் கசிவையும் குறைக்கும் மாத்திரைகளை, இந்தக் கூற்றை நம்பி, தயவுசெய்து யாரும் நிறுத்திவிடாதீர்கள்.