கல்லில் தமிழ் இருக்கிறது, சரி. ஏன் இருக்கிறது?

இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டின் படம் மறுபடியும் சுற்றுகிறது. சீனர்களே தமிழில் கல்வெட்டு வைத்தார்கள் என்று பெருமைப்படுகிறோம். உண்மைதான். ஆனால் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்படை இலங்கைக்குக் கொண்டுவந்த கல் அது. 1911-ல் காலியில் மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள் (நம் பக்கத்துக் கல்வெட்டுகள் துணி துவைக்கப் போனதில்லையா!). சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்கு. பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் ஏறக்குறைய சமம். துறைமுகத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருக்க நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கல்லில் சிங்களம் இல்லை. தீவில் பெரும்பாலோர் பேசிய மொழிக்கே இடமில்லை. எந்த மொழி உயர்ந்தது என்று பார்த்திருந்தால் இப்படி நடந்திருக்குமா? கடல் வணிகத்தில் யாரோடு பேச வேண்டியிருந்ததோ அவர்கள் மொழியில் வெட்டினார்கள், அவ்வளவுதான். இன்னொன்றையும் யாரும் பகிர்வதில்லை. 1411 வாக்கில் அதே செங் ஹேயின் படைதான் இலங்கையின் கோட்டை அரசை ஆண்ட வீர அழகேசுவரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. காணிக்கையும் படையும் ஒரே கப்பலில் வந்தன. 'பண்பாட்டுப் பரிமாற்றம்' என்று இனிக்க இனிக்கப் பேசுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வணிகத் தேவை கொண்டுபோய்ச் சேர்த்த மொழியை வணிகமே காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. பட்டுப்பாதையில் நூற்றாண்டுக்கணக்கில் கோலோச்சியது சமர்கந்து வணிகர்களின் சொக்திய மொழி. சீனாவின் துன்ஹுவாங் பக்கம் 1907-ல் கிடைத்த அவர்களது பழைய கடிதங்களில், கணவன் கைவிட்டுப் போனதால் ஒரு பெண் எழுதிய வசைக் கடிதமும் உண்டு. உனக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்கிறாள்! அவ்வளவு உயிரோடு இருந்த மொழி. இன்று அதன் வழிவந்த யக்னோபியைத் தஜிகிஸ்தானில் ஒரு சிறு கூட்டம் மட்டும் பேசுகிறது. எழுத்து தப்பித்தது: உய்குர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து மங்கோலியர்கள்.

தமிழுக்கு மட்டும் விதிவிலக்கா என்ன? சுமத்ராவின் பாருஸில் 1088-ல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழில் கல்வெட்டு வைத்தது. அந்தத் தீவில் வாழும் காரோ மக்களின் செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா என்ற கிளைப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் பேசுவது காரோ மொழி.