உரிமை உண்டு, சரி. யாரிடம் கேட்பது?

ராமேசுவரத்தில் மீனவர் வேலைநிறுத்தம் என்றால் பிளக்ஸில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "மீன்பிடிப்பது எங்கள் மனித உரிமை." மேடையில் கைத்தட்டு வாங்குகிற வரி. அதையே மனுவாக எழுதிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தால் அங்கேயே படுத்துவிடும். அதற்கு அரசியல் காரணங்கள் எல்லாருக்கும் தெரியும். தத்துவக் காரணம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

பிரெஞ்சுப் புரட்சியின் உரிமைப் பிரகடனத்தைப் படித்த ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம், இயற்கை உரிமை என்பது பிதற்றல், பறிக்க முடியாத இயற்கை உரிமை என்பது பொய்க்கால் கட்டிக்கொண்ட பிதற்றல் என்று எழுதினார். சட்டம் தராத உரிமை உரிமையே இல்லை என்பது அவர் கட்சி. எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சட்டமே அநியாயமாக இருக்கும்போது பிறகு எதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது? ஆனால் அவர் கைவைத்த இடம் சரி. எனக்கு உரிமை என்றால் எதிரில் ஒருவருக்குக் கடமை இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார்?

1913இல் வெஸ்லி ஹோஃபெல்ட் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர், உரிமை என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதை நான்காகப் பிரித்தார். நம் கடற்கரைக்கு இரண்டு போதும். ஒன்று கோரல்: எதிராளிக்குக் கடமை உண்டு, மீறினால் கேட்கலாம். மற்றது வெறும் அனுமதி: நான் செய்தால் குற்றமில்லை, ஆனால் எனக்கு அது கிடைக்கும்படி செய்ய வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை.

இதை வைத்துக் கச்சத்தீவைப் பாருங்கள். தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம், பயண ஆவணமோ விசாவோ கேட்கக்கூடாது என்கிறது. 6ஆம் பிரிவு, இரண்டு நாடுகளின் படகுகளும் பரம்பரையாக அனுபவித்த உரிமைகளைச் சொல்கிறது. மீன்பிடி என்ற சொல் இரண்டிலும் இல்லை. அப்போது நாடாளுமன்றத்தில் மீன்பிடி உரிமையும் காக்கப்பட்டதாகத்தான் சொன்னார்கள். 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ ஒரு நாட்டின் படகு மறு நாட்டின் கடலில் அனுமதியில்லாமல் தொழில் செய்யக்கூடாது என்றன. (அது மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் மட்டும்தான், பாக் விரிகுடாவுக்கு இல்லை என்று வாதாடுபவர்களும் உண்டு.) ஆக, பரம்பரைப் பழக்கம் என்பது அனுமதியாக இருந்தது. கோரலாக அதை யாரும் எழுதி வாங்கவில்லை. அனுமதியைப் பறிப்பது எளிது.

இன்னும் சங்கடமான பகுதி இனிமேல்தான். உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு யுனெஸ்கோ இதற்காகக் கருத்துக் கேட்டதைப் பற்றி பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் மரித்தேன் சொன்னது பிரசித்தம்: உரிமைகளின் பட்டியலில் எங்களுக்குள் உடன்பாடு உண்டு, ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். அடிப்பவன் ஒருபுறம், அடிபடுபவன் மறுபுறம் என்றிருக்கும் வரை இது போதும். லாக்கப் சாவுக்கு எதிராகப் பேச யாருக்கும் தத்துவ அடித்தளம் தேவையில்லை. பாக் விரிகுடாவில் நடப்பது வேறு. ராமேசுவரத்து விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் வாழ்வாதார உரிமை என்கிறான். விசைப்படகு கடலடியோடு இழுக்கும் இழுவைமடியில் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவனும் அதையேதான் சொல்கிறான். இரண்டு மனித உரிமைகள் மோதும்போது பட்டியலைத் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. அப்போது "ஏன்" என்று கேட்டே ஆகவேண்டும். யாருடைய தொழில் கடலடியைச் சுரண்டுகிறது, யாருக்கு வேறு வழி இருக்கிறது, யார் முதலாளி, யார் கூலி?

கடைசிக் கேள்வி மார்க்ஸுடையது என்றே வைத்துக்கொள்ளலாம். உரிமைப் பிரகடனங்கள் தனித்து நிற்கும் சொத்துக்காரனை மனிதன் என்று நினைத்துக்கொள்கின்றன என்று 1840களிலேயே குறை சொன்னவர் அவர். சிறைபிடிக்கப்படுவது பெரும்பாலும் கூலிக்குப் போனவர்கள். பல படகுகளின் முதலாளி கரையில் இருக்கிறார். நம் பிளக்ஸ் இருவரையும் ஒரே "மீனவர்" ஆக்கிவிடுகிறது. இங்கே நாட்டுப்படகுக்காரர்களை ஓரளவு காத்தது எந்தப் பிரகடனமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும், கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கிய 1983ஆம் ஆண்டுச் சட்டமும்தான். அதுவும் மீறப்படுகிறது. கரையோரம்தான் இறால் இருக்கிறது, வெளியே கொஞ்சம் போனால் இலங்கையின் எல்லைக்கோடு வந்துவிடுகிறது.

உரிமையை விட்டுவிட்டுக் கடமையைப் பேசுவோம் என்பவர்களும் உண்டு. கடமையைச் சரியாகச் செய்வதிலிருந்தே உரிமை வருகிறது என்று காந்தி அதே 1947இல் யுனெஸ்கோவுக்கு எழுதினார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடமை எப்போதும் எளியவர் தலையில்தான் முதலில் விழும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்த சின்னப்பாலத்துப் பெண்களிடம் பவளப்பாறையைக் காப்பது உங்கள் கடமை என்றார்கள். பல ஆண்டு பாறை வெட்டியவர்களும் மடி இழுத்தவர்களும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை. இந்தப் பெண்கள் "மனித உரிமை" என்று பொதுவாக எழுதுவதைவிட, வனவிலங்குச் சட்டம் 35ஆம் பிரிவைக் கையில் எடுப்பது மேல். பூங்கா அறிவிக்கும் முன் அங்கே யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்கிறது அது. பாசி எடுப்பு அதில் பதிவானதா? 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கோப்பைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும். கடமைக்காரருக்கு அங்கே ஒரு பதவிப் பெயர் இருக்கிறது.

அப்படிப் பதவிப் பெயரே கிடைக்காத இடம் இலங்கைத் தமிழ் அகதிகளின் மண்டபம் முகாம். நாடு இல்லாதவனிடம் மனிதன் என்ற தகுதி மட்டும் மிஞ்சும்போது அது எதற்கும் உதவாது என்று 1951இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் எழுதினார். அதே ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு எவருக்கும் பொருந்தும், 19 குடிமக்களுக்கு மட்டும். உயிர் உண்டு, நடமாட அனுமதி வேண்டும்.

திரும்ப விசைப்படகுக்கு. இழுவைமடியை விடச் சொல்லும் உரிமை இலங்கை மீனவருக்கு உண்டென்றால், கடமை கூலிக்காரனுக்கு மட்டுமா? மானியம் கொடுத்து அந்தப் படகுகளைப் பெருக்கியது அரசு. இழுவைப்படகை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாற 2017இல் வந்த திட்டம் இதை அரைமனதாக ஒப்புக்கொண்டது. அப்போது படகு விலை 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் கையிலிருந்து 10. அதாவது 8 லட்சம் ரொக்கமும் 16 லட்சம் கடனும். இலக்கு 2,000 படகுகள், நடந்தது அதன் அருகில்கூட இல்லை. ஆழ்கடலில் செய்ய வேண்டிய தூண்டில் தொழில் இவர்களுக்குப் பழகாதது, கடலில் தங்கும் நாள் அதிகம், இங்கே கரை ஆழம் குறைவு. அந்தக் கணக்கில் கூலிக்காரனுக்கு என்று ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. அடுத்த பிளக்ஸில் அந்தக் கணக்கைப் போடுங்கள்.