முதலில் இறங்க விடுங்க சார்

கோயம்பேடு - ஆலந்தூர் இடையே சென்னை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2015-ல். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் இறங்குகிறவர்களை முதலில் இறங்க விடும் பழக்கம் நமக்கு வரவில்லை. சாயங்காலம் ஆலந்தூரில் நின்று பாருங்கள். நீல வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கிற இடம், வண்டி மாற நிறையப் பேர் இறங்கியே ஆக வேண்டும், ஆனால் கதவு திறந்த நொடியே வெளியே நிற்கிற கூட்டம் கைப்பிள்ளைக்காரி, கைத்தடி ஊன்றிய பெரியவர் என்று யாரையும் பார்க்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறது. எல்லாம் ஒரு சீட்டுக்காக! கதவு கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், சரி. உள்ளே இருப்பவர்கள் இறங்கினால்தானே உங்களுக்கு இடமே கிடைக்கும்?

அப்புறம் கதவோரமே நின்றுவிடுகிறவர்கள். பெட்டியின் நடுவில் இடம் காலியாகக் கிடக்கும், விமான நிலையம் வரை போகிறவர் வழியை மறித்துக்கொண்டு போனில் மூழ்கியிருப்பார், "இறங்கணும் சார்" என்றால் முறைப்பு வேறு. அந்த முதுகுப் பையையாவது கழற்றிக் கையில் பிடியுங்கள், திரும்பும்போதெல்லாம் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கிறது.