சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது

தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டாள் என்றதும், பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்று பேச்சை முடித்துவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்று தெரியாத தாய் இன்று அநேகமாக எந்த ஊரிலும் இல்லை.

ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு கைகழுவிவிடுகிறது. பெண் வயதுக்கு வருவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அதுவரை தெருக்கோடியில் இருந்த பள்ளி, ஒன்பதாம் வகுப்பில் பஸ் ஏறிப் போகும் தூரத்துக்குப் போய்விடுகிறது. காலையில் வரும் ஒற்றை டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்று பள்ளி இல்லை. மாலையில் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டால், இருட்டிய பிறகு விலக்கில் இறங்கிச் சோளக்காட்டு வழியே நடந்துவர வேண்டும். “வயசுக்கு வந்த புள்ளைய எப்படிங்க அனுப்புறது?” என்ற கேள்வியைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள், அந்தப் பாதையில் ஒருநாள் மாலை நடந்து பார்க்கலாம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், உதவி எந்த வகுப்பில் வந்து சேர்கிறது என்று பாருங்கள். விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கல்லூரியில். ஒன்பதிலோ பத்திலோ நின்றவளுக்கு இரண்டும் எட்டாது. நாம் வாய்க்கு வாய் பின்தங்கிய மாநிலம் என்று சொல்லும் பீகார், 2006இலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியதாகவும், பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் மிகுதி என்றும் கண்டார்கள்.

அடுத்த கண்ணி பத்தாம் வகுப்புத் தேர்வு. கணக்கிலோ ஆங்கிலத்திலோ தவறியவளின் வீட்டுக்கு ஆசிரியருக்கு முன்பே நூற்பாலை புரோக்கர் வந்துவிடுகிறார். விடுதி உண்டு, காவல் உண்டு, மூன்று வருடம் முடிந்தால் நகைக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு என்பதுதான், ஆலைகள் இப்படி ஆசைகாட்டி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டக் காலத்திலிருந்து அவர் பாடும் பாட்டு. துணைத்தேர்வு ஒன்றிரண்டு மாதங்களில் வந்துவிடும் என்றாலும், அதற்குப் பள்ளியில் வகுப்பு நடந்தால்கூடப் போய்வர அதே ஒற்றை பஸ்தான். ஆலை வேன் வாசலுக்கே வருகிறது.

சைக்கிளை ஒன்பதாம் வகுப்புக்கு மாற்றுவது முதல் வேலை. துணைத்தேர்வு எழுதி முடிக்கும்வரை, தவறிய மாணவியின் பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அடுத்தது.