ஆழத்தையும் எழுதுங்கள்

“இந்தோனேசியாவில் 7 ரிக்டர் நிலநடுக்கம்” என்று ஒருவரிச் செய்தி வந்தால் போதும், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களின் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கின்றன. 2004 சுனாமியைப் பார்த்த நாடு இலங்கை. பயப்படுகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் கோபமெல்லாம் செய்தி எழுதுகிறவர்கள் மீதுதான். அளவைத் தலைப்பில் போடுகிறார்கள், ஆழத்தை விட்டுவிடுகிறார்கள். 2023 ஓகஸ்டில் பாலிக் கடலில் 7.1 அளவில் அதிர்ந்தது. ஆழம் 500 கிலோமீற்றருக்கும் மேல். அவ்வளவு கீழிருந்து கடற்தரையை உயர்த்திச் சுனாமியை எழுப்ப முடியாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

தகடுகள் உரசுகின்றன, நிலம் அதிர்கிறது என்று பள்ளியில் படித்தோம். 30 கிலோமீற்றருக்கு அது சரி. 200 கிலோமீற்றரில் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் 60,000 மடங்குக்கும் அதிகம். அந்த இறுக்கத்தில் ஒரு பாறை மற்றதன்மேல் வழுக்கவே கூடாது. சூட்டில் மெல்ல வளைந்துகொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் அங்கே நிலம் அதிர்கிறது என்று 1920-களிலேயே ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கியோ வடாட்டி காட்டிவிட்டார்.

விடையின் பெரும்பகுதி நீரில் இருக்கிறது. மற்றத் தகட்டின் அடியில் மூழ்கப்போகும் தகடு ஆழ்கடல் அகழியருகே வளையும்போது வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் கடல்நீர் ஒலிவைன் என்ற கனியத்தோடு சேர்ந்து சர்ப்பென்டைனாக மாறுகிறது. கையில் எடுத்தால் உலர்ந்த பச்சைக் கல். எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு நீர், பளிங்கமைப்புக்குள் பூட்டப்பட்டு. தகடு கீழே போகப்போகச் சூடு ஏறி 600 பாகை செல்சியஸைத் தாண்டும் அளவில் அந்தப் பூட்டு உடைகிறது. வெளிவரும் நீர் பாறைச் சுவர்களை உள்ளிருந்து தள்ளுவதால் இறுகிக் கிடந்த பழைய பிளவு இலகுவாகி, சட்டென்று நழுவுகிறது. 1965-இல் ராலியும் பற்றர்சனும் ஆய்வுகூடத்தில் சர்ப்பென்டைன் பாறையை அமுக்கத்தில் வைத்துச் சூடாக்கினார்கள். நீர் வெளியேறிய கட்டத்தில், வளைந்துகொண்டிருந்த பாறை நொறுங்கத் தொடங்கியது. அதே நீர் மேலேறி, மேலிருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. இந்தோனேசிய எரிமலைகளான மெராப்பியும் கிரகட்டோவாவும் நெருப்புக் கக்குவதற்கு மூலகாரணம் தண்ணீர்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் எல்லா ஆழ அதிர்வுக்கும் நீரே காரணம் என்று முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1994-இல் பொலிவியாவில் 8.2, ஏறத்தாழ 630 கிலோமீற்றர் ஆழம், கனடாவில்கூட உணர்ந்தார்கள். 2013-இல் ஒகோட்ஸ்க் கடலில் 8.3, ஏறத்தாழ 600 கிலோமீற்றர், மொஸ்கோவிலும் உணரப்பட்டது. அந்த ஆழத்துக்குப் போகுமுன்னரே சர்ப்பென்டைன் சிதைந்துவிடும். தகட்டின் குளிர்ந்த நடுப்பகுதியில் மாறாமல் தங்கிய ஒலிவைன், தாமதமாக, திடீரென்று அடர்த்தியான கனியமாக மாறுவதால் பாறை நழுவுகிறது என்பது மற்றக் கட்சி. நான் அந்தப் பக்கம் சாய்கிறேன். அதிலும் ஒரு முள் உண்டு: பொலிவியாவில் உடைந்த பரப்பு, அப்படிக் குளிர்ந்திருக்கக்கூடிய பகுதியைவிட அகலமாகத் தெரிகிறது. நீர்க்கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் சிக்கியிருந்த ரிங்வூடைட் கனியத்தில் ஒரு சதவீதத்துக்கும் மேல் நீர் இருந்ததாக 2014-இல் அறிவித்தார்கள். 400 கிலோமீற்றருக்கும் கீழே உருவாகும் கனியம் அது.

ஆழமென்றால் ஆபத்தில்லை என்று இதைப் படித்துவிட்டு யாரும் பகிரவும் வேண்டாம். 2009 செப்டெம்பர் 30 அன்று சுமாத்திராவின் படாங் அருகே, மூழ்கும் தகட்டுக்குள்ளேயே, ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஆழத்தில் 7.6 அளவில் அதிர்ந்தது. பெரிய சுனாமி வரவில்லை. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெரும்பாலும் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் இறந்தார்கள். அந்த 80 என்ற எண் படாங்கில் இருப்பவருக்குச் சொல்வது வேறு, கொழும்பின் காலி வீதியில் இருப்பவருக்குச் சொல்வது வேறு. சர்வதேச நிலையங்களின் முதல் அறிவிப்பிலேயே அது அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பிரதி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?