கூகுள் ஸ்கொலரும் சக ஆய்வாளர் மதிப்பீடும்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுற கூகுளின் தேடுபொறியான கூகுள் ஸ்கொலரில் வாறதெல்லாம் சக ஆய்வாளர் மதிப்பீடு (வெளியிட முதல் அதே துறை ஆய்வாளர்கள் வாசிச்சு மதிப்பிடுறது) பெற்றவை, அப்படியே இலக்கிய மீளாய்வில் (அந்தத் தலைப்பில் முந்தி வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லுற பகுதி) சேர்க்கலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். யாழ் பல்கலைக்கழகத்தில் இறுதி வருட ஆய்வேடு எழுதுற தம்பி தங்கச்சிமார் நம்பிவிடக் கூடாது என்றதுக்காகச் சொல்லுறன்: அது சரியில்லை. புத்தகங்கள், ஆய்வேடுகள், மதிப்பீட்டுக்கு முந்திய வரைவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள்கூட அதில் வரும். இடப்பக்கத்து ‘ரிவியூ ஆர்ட்டிகிள்ஸ்’ வடிகட்டி மீளாய்வுக் கட்டுரைகளுக்கானது, அதாவது ஏற்கனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசுற கட்டுரைகளுக்கு; மதிப்பீடு பெற்றவற்றைப் பிரிக்கிறதுக்கு இல்லை. கனபேர் சறுக்குறது இதில்தான்.

‘யாழ்ப்பாணம்’ என்று ஆங்கிலத்தில் அடிச்சுப் பாருங்கோ. சில தலைப்புகளுக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் ‘புக்’, ‘சைட்டேஷன்’ என்று நிற்கும். இரண்டாவதில் கட்டுரையே இருக்காது, யாரோ மேற்கோள் காட்டின தடயம் மட்டுந்தான். மிச்சத்துக்கு, அந்தந்த இதழின் சொந்தத் தளத்தில் மதிப்பீட்டு முறை பற்றிய பக்கத்தை வாசியுங்கோ.